பார்வையற்ற தம்பியுடன் டேண்டம் சைக்கிள் பழகுகிறேன்: விழுந்த பிறகு எப்படித் தொடர்வது?

சாட்ஸ்வொர்த் அக்கா கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 41 வயது. பதினைந்து வயதில் மாலைக்கண் போலத் தொடங்கிய குறை, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் என்று பின்னர் தெரியவந்தது. ஓரப் பார்வை ஆண்டுதோறும் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டுமே அவனுக்குத் தெரிகிறது. சிறு வயதில், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் மேடுகளில் சைக்கிளை விட்டுக் கீழே இறங்காதவன் அவன். மீண்டும் ஒருமுறை காற்று முகத்தில் அடிக்க மிதிக்க வேண்டும் என்று அவன் சொன்னதால்தான், இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினோம்.

வீட்டருகே உள்ள மைதானத்தை ஒட்டிய தார்த்தரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழகினோம். முதல் இரண்டு முறையும் தள்ளாடித் தள்ளாடியாவது நான்கைந்து சுற்று வந்துவிட்டோம். மூன்றாம் முறை ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது. நான் மிதிப்பதைச் சட்டென்று நிறுத்திப் பிரேக்கைப் பிடித்தேன். அந்த நேரத்தில் தம்பி முழு வலுவோடு மிதித்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டி உலுக்கி நின்றது, நான் வலக்காலை ஊன்றினேன், அவன் இடப்பக்கம் சாய்ந்தான், இருவரும் விழுந்தோம். அவன் முழங்கையில் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. "பரவாயில்லை அக்கா" என்றுதான் சொன்னான். ஆனால் அதன் பிறகு இரண்டு வாரங்களாக, போகலாமா என்று கேட்டால் ஏதாவது ஒரு வேலையைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறான்.

நான் 58 கிலோ, அவன் 82 கிலோ. கனமானவர் பின்னால் இருந்தால் வண்டியை என்னால் அடக்க முடியுமா, அல்லது அனுபவமுள்ள வேறொருவரின் பின்னால் அவனை முதலில் உட்கார வைப்பதுதான் முறையா என்று தெரியவில்லை. ஓட்டும்போது அவனிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. கற்றவர்கள் சொல்லித்தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பின்னிருக்கை (வெருலம்) எழுதுகிறார்:

வணக்கம் அக்கா. நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். டேண்டமின் பின்னிருக்கையில் பன்னிரண்டு ஆண்டுகளாக மிதித்து வருகிறேன். அடிபட்டது முழங்கை என்றாலும், உங்கள் தம்பியைத் தயங்க வைப்பது அந்தக் காயம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த அறிகுறியும் இல்லாமல் தரை எழும்பி வந்து தன்னை அடித்தது என்பதுதான் அவர் உடம்பில் தங்கியிருக்கும். நாய் வந்தது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம், மிதித்துக்கொண்டிருந்த பெடல் திடீரென்று கல்லாக இறுகிப்போனது மட்டும்தான்.

டேண்டமில் முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. நீங்கள் நிறுத்தினால் அவர் காலும் நின்றாக வேண்டும். நீங்கள் வேகம் கூட்டினால் அவர் காலும் சுழன்றாக வேண்டும். ஆகவே பின்னால் இருப்பவருக்குப் பெடல்தான் முதல் செய்தி. நீங்கள் அடுத்துச் செய்யப்போவதை அரை நொடி முன்னதாகச் சொன்னால், அந்தச் செய்தி அவர் காதுக்கு வந்த பிறகு காலுக்கு வரும். சொல்லாவிட்டால் காலுக்கு மட்டும் வரும், அதுவும் அடியாக வரும்.

உங்கள் தம்பிக்கும் எனக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் சைக்கிளைத் தனியாக ஓட்டியதே இல்லை என்பதால், வளைவில் வண்டி சாயும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. முதல் மாதம் ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்து முன்னால் இருப்பவரைத் திண்டாட வைத்தேன். உங்கள் தம்பிக்கு அந்தச் சாய்வு பழகியது, அது நல்லது. ஆனால் ஓட்டிய கைகள் ஓட்டத்தான் பார்க்கும். பின்னால் உள்ள கைப்பிடி முன்னிருக்கையின் தண்டில் பூட்டப்பட்டது, அது திரும்பாது. அதைத் திருப்ப முயலும்போது அவர் தோள் இறுகும், இடுப்பு நகரும், முன்னால் இருக்கும் உங்களுக்கு வண்டி இழுப்பதுபோல் இருக்கும். கையைத் தளர்த்தி வைத்து, நீங்கள் சாயும் அளவுக்கு மட்டும் உடம்பை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

மீண்டும் தொடங்கும் நாளில் ஏறாதீர்கள். வண்டியைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அவரைத் தடவிப் பார்க்க விடுங்கள். முன் கைப்பிடியிலிருந்து தொடங்கி, பிரேக் பிடி, உங்கள் இருக்கை, அதன் தண்டிலிருந்து பிரிந்து வரும் தன் கைப்பிடி, தன் இருக்கை, பின் சக்கரம் என்று வரிசையாகத் தொட்டு வரட்டும். அவர் கையை நீங்கள் பிடித்து இழுத்து வைக்க வேண்டாம். "உங்கள் வலக்கைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் பெடல்" என்பதுபோல் சொன்னால் போதும். பெடலை ஒருமுறை பின்னோக்கிச் சுற்றச் சொல்லுங்கள், முன் பெடலும் கூடவே சுற்றுவதை மறு கையால் தொட்டுப் பார்க்கட்டும். நான் அப்படித் தொட்ட நாளில்தான் இரண்டு பேருடைய காலும் ஒரே கால் என்பது எனக்குப் புரிந்தது.

புறப்படும் முறைக்கு வருகிறேன். நீங்கள் முதலில் ஏறி, இருக்கையில் உட்காராமல் சட்டத்தின் மேல்கம்பிக்கு இருபுறமும் காலை நன்றாக அகட்டி நின்று, இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். காலை அகட்டுவது முக்கியம், ஏனென்றால் பின்னால் இருப்பவர் பெடலைச் சுற்றும்போது அது உங்கள் கெண்டைக்காலில் அடிக்கும். அதன் பிறகு தம்பி ஏறி, உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்துவிட வேண்டும். இனி இறங்கும் வரை அவர் கால் தரையைத் தொட வேண்டியதே இல்லை. நீங்கள் எந்தக் காலால் முதலில் மிதிப்பீர்களோ அந்தப் பெடலை, கடிகார முள் இரண்டு மணியைக் காட்டும் நிலைக்கு அவரே சுற்றிக் கொண்டுவரட்டும். "தயார்" என்று சொல்ல வேண்டியவர் அவர். அவர் சொல்லாமல் நீங்கள் பிரேக்கை விடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வண்டி எப்போது நகரும் என்பது அவர் கையில் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் உடம்பு தானே தளரும்.

நிறுத்தும்போது, முதலில் மிதிப்பதை விடச் சொல்லுங்கள், பிறகு வேகத்தைக் குறையுங்கள், பிறகு எந்தக் காலை ஊன்றப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் போகிறோம் என்பதால் எப்போதும் இடக்காலையே ஊன்றப் பழகுங்கள். அன்று நீங்கள் வலக்காலை ஊன்றியதும் அவர் இடப்பக்கம் சாய்ந்ததும், எந்தப் பக்கம் என்று இருவரும் முன்பே பேசி வைக்காததால் நேர்ந்தது.

சொற்களைப் பற்றி. எங்கள் வீட்டில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம், ஆனால் வண்டியில் தமிழையே வைத்துக்கொண்டோம், ஏனென்றால் மிதி, விடு, நில், பள்ளம் என்று எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. "இடம்", "வலம்" இரண்டும் கடற்காற்றில் ஒன்றுபோலவே கேட்கும். பாதிச் சொல் காற்றோடு போய், கடைசி "ம்" மட்டும் காதில் விழும். அதனால் இடப்பக்கத்துக்கு "இடம்" என்றும், வலப்பக்கத்துக்கு எங்கள் ஆயா சொன்ன "சோற்றுக்கை" என்றும் வைத்துக்கொண்டோம். இன்றுவரை மாறிக் கேட்டதில்லை. நீங்கள் இருவரும் வேறு சொற்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏறும் முன்பே முடிவு செய்துகொண்டு, பிறகு மாற்றாமல் இருங்கள்.

எவ்வளவு பேசுவது என்று கேட்டீர்கள். வண்டியைப் பற்றியது எல்லாம் உடனே வேண்டும்: பள்ளம், வேகத்தடை, திருப்பம், கியர் மாற்றம், நிறுத்தம். மற்றவை அவர் கேட்டால் போதும். ஆரம்பத்தில் என் முன்னால் ஓட்டிய நண்பர், கடலில் நிற்கும் ஒவ்வொரு கப்பலையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்பினால்தான் சொன்னார். ஆனால் எனக்கோ அலை எந்தப் பக்கம் உடைகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, சக்கரத்தின் கீழே செங்கல் தளமா தாரா என்பதெல்லாம் காதிலேயே தெரியும், அவற்றைக் கேட்க இடைவெளி கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. பார்வை இல்லாவிட்டாலும் அவருக்குக் கண்ணாடி வேண்டும். பூச்சியோ கிளையோ வருவது தெரியாததால் நாங்கள் இமையை முன்கூட்டி மூடுவதில்லை. வெண்கோலை மடித்துச் சட்டத்தில் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கியதும் முதலில் அதை அவர் கையில் கொடுங்கள்.


பைன்டவுன் பட்டறை எழுதுகிறார்:

வெருலம் தம்பி சொன்னதற்கு மேல் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய டேண்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழையதில் கோளாறு இருந்தால் எவ்வளவு பழகினாலும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

இடப்பக்கம் இருக்கும் இணைப்புச் சங்கிலியை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருக்கலாம், தொங்கக் கூடாது. தொங்கினால் உங்கள் மிதிக்கும் அவர் மிதிக்கும் நடுவே ஒரு வெற்றிடம் வந்து, ஒவ்வொரு முறை மிதிக்கத் தொடங்கும்போதும் அவர் காலில் தட்டும். பெரிய பள்ளத்தில் அது கழன்றும் போகலாம். பெரும்பாலான டேண்டம்களில் முன் பெடல் அச்சு மையம் விலகிய ஓர் உருளைக்குள் இருக்கும், அந்த உருளையைத் திருப்பித்தான் இந்தச் சங்கிலியை இறுக்க வேண்டும். பழகாதவர் கையில் அது சிக்கிக்கொள்ளும், கடையில் காட்டுவதே நல்லது. முன் பெடலும் பின் பெடலும் ஒரே நிலையில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பல் மாறிப் பூட்டியிருந்தால்கூட, நீங்கள் புறப்படும் நிலை அவருக்குச் சரியாக வராது.

உங்கள் இருவரின் எடை 140 கிலோ, வண்டியோடு சேர்த்தால் 160-ஐத் தொடும். ஒருவர் ஓட்டும் பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இதற்கு ஆகாது. 32 மில்லிமீட்டராவது அகலம் வேண்டும், பள்ளத்தை முன்கூட்டிப் பார்க்க முடியாதவர் பின்னால் இருப்பதால் இன்னும் அகலமானது நல்லது. பின் இருக்கைக்கு வில் வைத்த தண்டு கிடைக்கிறது. பின் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அதிர்ச்சி முழுதும் முதுகெலும்பில் ஏறும் என்பதால், செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் அதுதான் என்பேன்.

பிரேக்கைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். எடை இரு மடங்கு, ஆனால் காற்று தடுப்பதோ ஏறத்தாழ ஒருவரைத் தடுக்கும் அளவுதான், ஏனென்றால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் மறைவில் இருக்கிறார். ஆகவே ஏற்றத்தில் டேண்டம் மெதுவாக ஏறும், இறக்கத்தில் நினைப்பதைவிட வேகமாக ஓடும். குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற நீண்ட சரிவில், விளிம்பைப் பிடிக்கும் சாதாரண பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக்கோ, பின் சக்கரத்தில் வேகத்தைத் தொடர்ந்து அடக்கி வைக்கத் தனியாக ஓர் இழுவை பிரேக்கோ இல்லாமல் அத்தகைய சரிவுக்குப் போகவே வேண்டாம். சாட்ஸ்வொர்த்தின் தெருச் சரிவுகளும் விளையாட்டில்லை. வண்டியைக் காரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சமதளத்தில் பழகுங்கள்.

முன்னால் கனம் குறைந்தவர் இருக்கலாமா என்றால், ஓடும்போது இருக்கலாம், நிற்கும்போதுதான் கடினம். உங்கள் இருக்கையைச் சிறிது தாழ்த்தி, பாதம் முழுதும் தரையில் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் வண்டியில் தம்பி ஒரு பக்கமாகத் திரும்பித் தண்ணீர் பாட்டிலை எடுப்பது போன்ற அசைவுதான் உங்களைச் சாய்க்கும். அசைவதற்கு முன் அவரும் உங்களிடம் சொல்ல வேண்டும். என் யோசனை, முதல் இரண்டு வாரம் எடை கூடிய, பழகிய ஒருவர் முன்னால் இருந்து அவரை ஓட்டட்டும். நீங்கள் அதற்குள் டேண்டமைத் தனியாக ஓட்டி அதன் நீளத்தைப் பழகுங்கள். திரும்பும்போது அதற்கு வேண்டிய இடம் மிக அதிகம்.

தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.


மாரிட்ஸ்பர்க் அம்மா எழுதுகிறார்:

பட்டறை ஐயா சொன்ன மற்ற எல்லாம் சரி, ஆனால் தம்பியை வேறொருவரிடம் ஒப்படைக்கும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. நான் 54 கிலோ, என் கணவர் 79 கிலோ, அவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. எங்களையும் இப்படித்தான் பிரித்துப் பழகச் சொன்னார்கள். அவர் அந்த நண்பரோடு அழகாகப் பழகிக்கொண்டார், என்னோடு ஏறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நம்பிக்கை வண்டியின் மேல் வருவதில்லை, முன்னால் இருக்கும் குரலின் மேல் வருகிறது.

அதற்குப் பதிலாக, பழகிய ஒருவர் கிடைத்தால் அவர் பின்னால் நீங்கள் உட்காருங்கள் அக்கா. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அரை மணி நேரம். நான் அப்படி உட்கார்ந்தபோது, முதல் வேகத்தடையில் என் பல் அடித்துக்கொண்டது. முன்னால் ஓட்டியவர் சொல்ல மறந்தது ஒரே ஒரு முறைதான், அதற்குப் பிறகு அந்த அரை மணி நேரமும் அடுத்தது எப்போது வரும் என்று வயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தேன். இறங்கியதும் என் கணவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

தம்பிக்கு ஊக்கம் குறைந்திருந்தால் இதையும் சொல்லுங்கள். எங்கள் ஊரிலிருந்து டர்பனுக்கு ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் அமாஷோவா சைக்கிள் ஓட்டத்தின் முழுத் தூரம் 106 கிலோமீட்டர். கேப்டவுனில் 1978 முதல் நடந்துவரும் சைக்கிள் ஓட்டம் 109 கிலோமீட்டர். பார்வையற்றோர் பலர் டேண்டமின் பின்னிருக்கையில் மிதித்து அதை முடித்திருக்கிறார்கள். பாராலிம்பிக்கிலும் பார்வையற்றோர் டேண்டமில்தான் போட்டியிடுகிறார்கள், வென்றால் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் பதக்கம் உண்டு.


சாட்ஸ்வொர்த் அக்கா எழுதுகிறார்:

மூவருக்கும் என் வணக்கமும் நன்றியும். பதில்களை எல்லாம் தம்பிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். பெடல் கல்லாக இறுகியது என்ற இடம் வந்ததும், "அதேதான் அக்கா" என்றான். இரண்டு வாரமாக எனக்கு விளக்க அவனுக்குக் கிடைக்காத சொல் அது.

அம்மா சொன்னபடி பின்னால் உட்கார எனக்குப் பழகிய ஆள் கிடைக்கவில்லை. ஆகவே வாசலில் நிறுத்திய வண்டியில், பெடல் தடையில்லாமல் சுழலப் பின் சக்கரத்தை உயர்த்திக் கட்டைமேல் வைத்து, மகன் பிடித்துக்கொள்ள, நான் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினேன். தம்பி முன்னிருக்கையில் ஏறினான். அவன் மிதித்தான், நான் கூடவே மிதித்தேன். பிறகு சொல்லாமல் நிறுத்தினான். வண்டி ஓர் அங்குலம்கூட நகராத நிலையிலேயே என் முட்டி அதிர்ந்து, நான் கத்திவிட்டேன். அவன் வெகு நேரம் சிரித்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன், கடற்கரை நடைபாதைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். புளூ லகூன் பக்கத்திலிருந்து தொடங்கினோம். "தயார்" என்று அவன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொல்லவில்லை. பெடலை முன்னும் பின்னும் ஆட்டினான், கைப்பிடியை விட்டுப் பிடித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிறகு தெளிவாகச் சொன்னான். முதல் மிதியிலேயே வண்டி நேராகப் போயிற்று.

நார்த் பீச் வரை மூன்று இடங்களில் நிறுத்தினோம், மூன்று முறையும் இடக்கால். சோற்றுக்கை என்ற சொல்லை நாங்களும் எடுத்துக்கொண்டோம், ஆயாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். நடைபாதையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் ஓரிடத்தில் படிந்திருந்ததை நான் சொல்லத் தவறினேன், சக்கரம் சற்று வழுக்கியதும், "மணலா?" என்று அவனே கேட்டான், தோளை இறுக்கவில்லை. திரும்பும்போது வடகிழக்குக் காற்று எதிரே வந்தது, என் கால் ஓய்ந்துவிட்டது, அவன் 82 கிலோவின் அருமை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் "விடு" என்று சொன்ன ஓரிடத்தில், "நீங்கள் விடுங்கள் அக்கா, நான் மிதிக்கிறேன்" என்றான். பெடல் இணைந்திருப்பதால் என் கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாரம் முழுதும் அவன் காலில் இருந்ததை உணர முடிந்தது.

பட்டறை ஐயா, இடப்பக்கச் சங்கிலியை நீங்கள் சொன்னபடி அசைத்துப் பார்த்தேன், நன்றாகவே தொங்குகிறது. பின் இருக்கைக்கு வில் தண்டும் போட வேண்டும். வியாழக்கிழமை மாலை வண்டியைப் பைன்டவுனுக்குக் கொண்டுவந்தால் பார்த்துத் தர முடியுமா? தம்பியும் கூட வருவான், உருளையைத் திருப்புவதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான்.


பைன்டவுன் பட்டறை எழுதுகிறார்:

வாருங்கள் அக்கா, ஐந்து மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. தம்பியின் உள்காலின் நீளத்தை வீட்டிலேயே அளந்து வாருங்கள், வில் தண்டைப் போட்டால் இருக்கை உயர்ந்துவிடும், அதற்கேற்ற அளவை எடுத்து வைக்கிறேன்.